பாடபேதமும் வேதாகமத்தின் நம்பகமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ வேதாகமம் குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான இரு கடிதங்களைப் படித்தேன். ஈராயிரம் ஆண்டுகளாக ஓர் எழுத்துக்கூட மாறாமல் வந்திருப்பதே அது கடவுளின் வார்த்தை என்பதற்குச் சான்று என்று ஒருவர் எழுதியிருந்தார். கையெழுத்துப் படிகளுக்கிடையே லட்சக்கணக்கான வேறுபாடுகள், அதாவது பாடபேதங்கள், இருப்பதால் அது நம்பத்தகாத நூல் என்று மற்றவர் மறுத்திருந்தார். எதிரெதிர்த் திசையில் பேசினாலும், கடவுள் அருளிய நூல் என்றால் அதன் எழுத்து மாறியிருக்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தின் மேல்தான் இருவரும் நிற்கிறார்கள். தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவனும், சிறுவயது முதல் வேதாகமத்தை வாசித்துவருபவனுமாகிய எனக்கு, அந்த எண்ணமே பிழையாகப் படுகிறது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் நடந்த வீட்டு ஜெபக் கூட்டத்தில், யோவான் எழுதிய முதலாம் நிருபத்தின் (கடிதத்தின்) ஐந்தாம் அதிகாரத்தை ஒருவர் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து வாசித்தார். “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்” என்று அவர் வாசித்தபோது, அருகில் திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, “ஐயா, இதில் அந்த வசனம் இல்லையே” என்றாள். கூட்டத்தை நடத்திய பெரியவர், அது கத்தோலிக்கர் கைவைத்த வேதம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்தப் பெண் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அன்று நானும் வாய் திறக்கவில்லை என்பது இன்றுவரை உறுத்துகிறது.

உண்மை அவர் சொன்னதற்கு நேர்மாறானது. அந்த வரி லத்தீன் மொழி வழக்கில் நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைகாட்டி, காலப்போக்கில் லத்தீன் வேதாகமப் படிகளுக்குள் புகுந்த ஒன்று. நிருபம் எழுதப்பட்ட கிரேக்க மொழியிலோ, பதினான்காம் நூற்றாண்டுக்கு முற்பட்ட எந்தக் கையெழுத்துப் படியிலும் அது மூலத்தின் பகுதியாக இல்லை. ஏராஸ்மஸ் என்ற அறிஞர் 1516, 1519 ஆகிய ஆண்டுகளில் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில், கிரேக்கப் படி எதிலும் காணாததால் அவ்வரியைச் சேர்க்கவில்லை. அதற்காகக் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்த அவர், அவ்வரியைக் கொண்ட ஒரு கிரேக்கப் படி, அதுவும் அவர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட படி, காட்டப்பட்டதும் 1522இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்த மரபில் வந்த அச்சுப் பாடங்களின் வழியாகவே 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் பின்னர் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அது இடம்பெற்றது. ஏராஸ்மஸின் இரண்டாம் பதிப்பைக் கொண்டு மொழிபெயர்த்த, ரோமாபுரியை எதிர்த்துப் பிரிந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் அவ்வரி இல்லை. அதை விட்டவர் கத்தோலிக்கர் என்றால் லூத்தரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்! சொல்லப்போனால், 1897இல்கூட அவ்வசனத்தின் உண்மையை மறுப்பது தகாது என்று தீர்ப்புச் சொன்னது ரோமாபுரியின் கத்தோலிக்கத் தலைமையே. 1927இல் அத்தீர்ப்பைத் தளர்த்தி, 1979இன் புதிய லத்தீன் பதிப்பில் அவ்வரியை விலக்கியதும் அதே சபைதான்.

அந்த வரி இல்லாமற்போனால், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாடு சாய்ந்துவிடுமோ என்று அஞ்சுவோர் உண்டு. அந்தக் கோட்பாட்டுக்காகச் சபை மிகக் கடுமையாக வாதாடிய காலம் 325ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தை ஒட்டிய நான்காம் நூற்றாண்டு. அவ்விவாதத்தில் அத்தனாசியு உள்ளிட்ட, கிரேக்கத்தில் எழுதிய பண்டைய சபைத் தலைவர்கள் இந்த வசனத்தை எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா?

இனி, லட்சக்கணக்கான வேறுபாடுகள் என்ற வாதத்துக்கு வருகிறேன். எண்ணிக்கை பொய்யன்று. ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் படிகள் மட்டும், துணுக்குகளையும் சேர்த்து, ஐயாயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன என்பதையும் உடன் சொல்ல வேண்டும். ஒரே படி மட்டும் எஞ்சியிருந்தால் ஒரு பாடபேதமும் இராது; அதில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி இராது. யோவான் என்ற பெயரைக் கிரேக்கத்தில் எழுதும்போது ‘ன்’ என்ற எழுத்து ஒன்றா இரண்டா என்பது போன்ற எழுத்து வேறுபாடுகளும் சொல் இடம் மாறியவையுமே அந்த லட்சங்களில் மிகப்பெரும் பங்கு. பொருள் தரும் பெரிய வேறுபாடுகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் சினாய், வத்திக்கான் ஆகிய நான்காம் நூற்றாண்டுப் பெரும்படிகள் இரண்டிலும் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சியும், யோவான் சுவிசேஷத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில், அவ்விரண்டிலும் இல்லை. ஆனால் இவற்றை வேதத்தின் எதிரிகள் தோண்டியெடுத்து அம்பலப்படுத்தவில்லை. படிகளை ஒப்பிட்டவர்களில் பெரும்பாலோர் வேதத்தை நேசித்த கிறிஸ்தவ அறிஞர்களே.

பாடபேதம் என்ற சொல்லுக்குத் தமிழர் நாம் புதியவர்கள் அல்லர். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாட்டுகள் கிடைக்கவே இல்லை. வேறு பல பாட்டுகள் வரி சிதைந்தே கிடைத்தன. 1894இல் அதைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். இல்லாததை இல்லை என்றே விட்டார். அதனால் அந்நூலின் மேல் நமக்கு நம்பிக்கை கூடியதே அல்லாமல் குறையவில்லை.

எங்கள் தரப்பின் அவசரத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த மாற்கு சுவிசேஷத் துணுக்கு ஒன்று கிடைத்துவிட்டது என்று 2012இல் ஆரவாரமாக அறிவிக்கப்பட்டது. 2018இல் அது முறையாக வெளியிடப்பட்டபோது, இரண்டாம் நூற்றாண்டின் இறுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்றே அறிஞர் காலம் குறித்தனர். சாக்கடல் சுருள்களிலும் இதே கதைதான். சாக்கடல் கரையிலுள்ள கும்ரானில் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை நமக்குத் தெரிந்திருந்த எபிரெயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழையது. இருந்தும் பெரிதும் அவற்றோடு ஒத்துப்போகிறது. இதை மேடைதோறும் சொல்கிறோம். அதே கும்ரானில், வழக்கிலுள்ள பாடத்தைவிடக் குறுகிய எரேமியா நூலின் எபிரெயத் துணுக்குகளும் கிடைத்தன; பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியா ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவாக இருப்பதன் பின்னே ஓர் எபிரெய மூலம் இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. இதை மேடையில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியானால் “வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது” என்று பவுலின் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டது என்னாவது என்று கேட்கலாம். அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கிறது. தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்த வேத எழுத்துக்களைப் பற்றியே அங்கே பேச்சு. தாய் யூதப் பெண், தந்தை கிரேக்கர் என்றிருந்த அவர் சிறுவயதில் கண்டது மோசேயின் கைப்பட எழுதிய மூலத்தையா? படிக்குப் படி எழுதிவந்த சுருள்களை. அநேகமாகக் கிரேக்க மொழிபெயர்ப்பை. அருளப்பட்டது என்று நிருபம் சொல்வது அந்தப் படிகளைத்தான். ஆசிரியர்கள் முதலில் எழுதிய மூலப்படிக்கு மட்டுமே பிழையின்மை உரியது என்று 1978இல் சிகாகோவில் கூடிய இறையியலார் வரையறுத்ததன் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவர் கையிலும் இல்லாத மூலத்துக்கு அத்தனை காவல் போட்டுவிட்டு, கையிலுள்ள வேதத்தைக் கேள்வி கேட்டவளின் வாயை அடைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

கடவுள் எவ்விதம் அருளினார் என்பதற்கு வேதமே தரும் குறிப்புகளும் எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுதவைத்த சித்திரத்தோடு பொருந்தவில்லை. லூக்கா தம் சுவிசேஷத்தின் தொடக்கத்தில், ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுவதாகச் சொல்கிறாரே அன்றி, தமக்குச் செவியில் ஓதப்பட்டதாகச் சொல்லவில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில், பவுலுக்காக அதை எழுதிக்கொடுத்த தெர்தியு தம் பங்குக்கு ஒரு வாழ்த்தைச் சேர்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம். கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர உங்களில் ஒருவனுக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று பவுல் அடித்துச் சொல்கிறார். அடுத்த மூச்சில் ஸ்தேவான் வீட்டாரின் நினைவு வருகிறது. இன்னும் யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்று முடிக்கிறார். மறதியுள்ள ஒரு மனிதரின் வாயால் கடவுள் பேசினார் என்பதே எங்கள் விசுவாசம். அதைக் கையெழுத்துப் படிகளின் வயதைக் கொண்டு நிரூபிக்கவும் முடியாது, பாடபேதங்களைக் கொண்டு பொய்ப்பிக்கவும் முடியாது. வேத நூலின் ஆசிரியர் எழுதியது ஏறக்குறைய இன்னதே என்பது வரை கல்வி கொண்டுவிடும். அதில் கடவுளின் குரலைக் கேட்பது சபைக்கும் விசுவாசிக்கும் உரிய காரியம்.

ஒரு சிறு விண்ணப்பம் மட்டும் இருக்கிறது. எங்கள் வீட்டிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில் மேற்சொன்ன யோவான் வசனத்தின் கீழ் அடிக்குறிப்பு எதுவும் இல்லை. ஆலயங்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது இம்மொழிபெயர்ப்பே. பழகிப்போன அந்தத் தமிழை மாற்ற வேண்டியதில்லை. பழமையான கிரேக்கப் படிகளில் இவ்வரி இல்லை என்று அடியில் ஒரு குறிப்பு அச்சிட்டால் போதும். அதுவரை, அடுத்த முறை இந்த அதிகாரம் வாசிக்கப்படும்போது போதகர்களாவது இதைச் சபையாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.