கம்புக் குருணையில் கசப்பு: உடைத்த தேதியைச் சொல்லுங்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்

பொருள்: காலைக் கஞ்சிக்கான கம்புக் குருணை (500 கிராம், நான்கு பாக்கெட்) கசப்பும் சிக்கு வாடையுமாக இருப்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். பதினோரு மாதமாக உங்களிடம் முழுக் கம்பு வாங்கி வருகிறேன், மாதம் மூன்று கிலோ. அதில் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. கல் கிடையாது, மண் கிடையாது, மணியும் நல்ல திரட்சி. அந்த நம்பிக்கையில்தான் நீங்கள் புதிதாகக் கொண்டுவந்த கம்புக் குருணையை ஜனவரியில் நான்கு பாக்கெட் வாங்கினேன். ஒன்று 95 ரூபாய், மொத்தம் 380 ரூபாய். நான்கும் ஒரே பேட்ச். பேக் செய்த தேதி ஜனவரி 6. ஒன்பது மாதம் வரை பயன்படுத்தலாம் என்று அச்சடித்திருக்கிறீர்கள். நான் முதல் பாக்கெட்டைப் பிரித்தது ஜனவரி 27. பேக் செய்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இப்போது சென்னையில் இருந்தாலும் அப்பாவுக்குக் காலையில் கம்பங்கஞ்சிதான். அவருக்கு 76 வயது, சர்க்கரை உண்டு, பல் பாதி இல்லை. இட்லியைவிட இதுதான் மதியம் வரை தாங்குகிறது என்பார். ராத்திரி படுக்கும் முன் ஒரு சின்ன டம்ளர் கம்பை, சுமார் 100 கிராம் வரும், மூன்று தண்ணீர் கழுவி, மேலே மிதக்கும் உமியை அள்ளிப் போட்டுவிட்டு ஊறப்போடுவேன். காலையில் வடிகட்டி மிக்ஸியில் விட்டு விட்டு நாலு சுற்று. மாவாகிவிடக் கூடாது, மணி மூன்றாக நாலாக உடைந்தால் போதும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் மணி மலர்ந்து, கஞ்சி லேசான பச்சை கலந்த சாம்பல் நிறத்துக்கு வரும். உப்புப் போட்டு, கொஞ்சம் ஆறியதும் மோர் ஊற்றி, சின்ன வெங்காயமும் ஒரு மோர் மிளகாயும் வைத்துக் கொடுப்பேன்.

வேலைக்குப் போகிற நாளில் இதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகிறது. ‘முழுத்தானியம், தவிடும் முளையும் நீக்காதது, பத்தே நிமிடத்தில் கஞ்சி’ என்று உங்கள் பாக்கெட்டில் பார்த்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

முதல் நாள் அப்பா எதுவும் சொல்லவில்லை. பாதி குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார், பசிக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள், “கம்பு கசக்குதும்மா” என்றார். நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கியபின் தொண்டையில் ஒரு காறல், நாக்கின் அடியில் போகாத கசப்பு. மோர் புளித்துவிட்டதோ, மிக்ஸி ஜாரில் வெந்தயம் ஒட்டியிருந்ததோ என்று என் மேல்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் குருணையை மிக்ஸியில் போடவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஒரு கைப்பிடி குருணையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடு வரத் தேய்த்து முகர்ந்தேன். எங்கள் ஊரில் மாவு பழசா புதுசா என்று பார்ப்பது இப்படித்தான். பலகாரம் சுட்ட எண்ணெயை மூடாமல் ஒரு வாரம் வைத்திருந்தால் வருமே, அதே சிக்கு வாடை. கையைக் கழுவிய பிறகும் விரலிடுக்கில் இருந்தது.

சரி, ஒரே பாக்கெட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரம் வைத்தேன். ஒன்றில் புதிதாகப் பிரித்த இரண்டாவது பாக்கெட் குருணை. இன்னொன்றில் உங்களிடமே வாங்கிய முழுக் கம்பை ஊறவைக்காமல், அப்போதுதான் உடைத்துப் போட்டது. ஒரே தண்ணீர், ஒரே அளவு, உப்போ மோரோ இல்லை. எது எதென்று சொல்லாமல் அப்பாவிடமும் என் தம்பியிடமும் கொடுத்தேன். இரண்டு பேரும் இரண்டே வாயில் கண்டுபிடித்துவிட்டார்கள். முழுக் கம்பில் உடைத்த கஞ்சியில் கசப்பே இல்லை. கம்புக்கே உரிய அந்த லேசான இனிப்புதான் இருந்தது.

மறுநாள் உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தேன். “கம்பு இயற்கையிலேயே கொஞ்சம் கசக்கும் மேடம், வெல்லம் சேர்த்துப் பாருங்க” என்றார் பேசியவர். சர்க்கரை உள்ளவருக்கு வெல்லமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கம்பு கசக்காது. கம்பு தின்றே வளர்ந்தவள் சொல்கிறேன், புதுக் கம்பு கசக்கவே கசக்காது. இது தெரியாத ஒருவரைக் கம்பு விற்கும் நிறுவனம் தொலைபேசியில் உட்கார வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறகு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘பேக் செய்த தேதியிலிருந்து ஒன்பது மாதம் வரை பொருள் தரமானது’ என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கம்பை உடைத்தது எந்தத் தேதியில் என்று திரும்பக் கேட்டேன். இன்று பதினேழாவது நாள். பதில் இல்லை.

நான் கேட்பதன் காரணம் உங்கள் தயாரிப்புப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். கம்பு சின்ன மணிதான், ஆனால் அதன் அளவுக்கு முளை, அதாவது செடி கிளம்பி வருகிற கருப்பகுதி, பெரியது. எண்ணெய் பெரும்பாலும் அந்த முளையில் இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் கம்பில் கொழுப்பு 5 கிராமுக்கு மேல் உண்டு. தீட்டிய அரிசியில் ஒரு கிராம்கூட இல்லை. மணி உடையாமல் இருக்கும்வரை அந்த எண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது. உடைத்த நிமிடத்திலிருந்து எண்ணெயும் அதைச் சிதைக்கிற நொதியும் ஒன்றாகக் கலக்கின்றன, காற்றும் சேர்கிறது. சில நாளிலேயே காறல் தொடங்கிவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அரிசிக் குருணைக்கும் கோதுமை ரவைக்கும் போடுகிற கணக்கைக் கம்புக்குப் போட முடியாது.

எங்கள் பாட்டி வீட்டில் கம்பு வருஷம் முழுக்கக் குலுக்கை என்கிற தானியக் குதிரில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் உரலில் குத்துவது அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும்தான். தண்ணீர் தெளித்துக் குத்தி, முறத்தில் புடைத்து, அன்றைக்கே உலையில் போட்டுவிடுவார்கள். இத்தனை வேலைக்கு நடுவே ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் குத்தி வைத்தால் என்ன என்று அம்மா கேட்டதற்கு, “கம்பு காத்திருக்காது” என்றாராம் பாட்டி. உடைத்த கம்பை அவர் சேர்த்து வைத்து நான் பார்த்ததே இல்லை.

அதனால் உங்கள் பாக்கெட்டில் உள்ள ‘முழுத்தானியம்’, ‘ஒன்பது மாதம்’ என்ற இரண்டு வாக்கியங்களில் ஒன்று தவறாக இருக்க வேண்டும். முளையை நீக்கிவிட்டால் குருணை பல மாதம் கெடாமல் இருக்கும், ஆனால் அதை முழுத்தானியம் என்று சொல்லக் கூடாது. முளையை வைத்துக்கொண்டு உடைக்கும் முன் ஆவியிலோ வெந்நீரிலோ சூடுபடுத்தினால் நொதி அடங்கும், கசப்பு தள்ளிப்போகும். அப்படிச் செய்திருந்தால் அதைப் பாக்கெட்டில் சொல்லலாம், வாங்குகிறவர்கள் மெச்சுவார்கள். இரண்டும் செய்யாமல் உடைத்து மூட்டையில் வைத்திருந்து, ஆர்டர் வந்ததும் பாக்கெட்டில் போட்டு அன்றைய தேதியை அடித்திருக்கிறீர்கள் என்பதுதான் என் சந்தேகம். தயாரித்த தேதியோ பேக் செய்த தேதியோ ஒன்று இருந்தால் போதும் என்று விதி இருக்கலாம். உடைத்த கம்பைப் பொறுத்தவரை பேக் செய்த தேதியால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

பாக்கெட்டின் பின்பக்கம் போட்டிருக்கும் செய்முறையும் சரியில்லை. ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர், பத்து நிமிடம் என்கிறீர்கள். அப்படி வைத்தால் களியும் இல்லாமல் கஞ்சியும் இல்லாமல், நடுவில் வேகாத மணி பல்லில் நறநறக்கும். அரை மணி ஊறவைத்து, ஒன்றுக்கு ஆறு தண்ணீர், திறந்த பாத்திரத்தில் இருபத்தைந்து நிமிடமாவது வேண்டும். குக்கர் என்றால் ஐந்து விசில். அவசரத்துக்காக வாங்குகிறவர்களிடம் உண்மையான நேரத்தைச் சொல்வதால் உங்கள் விற்பனை குறையாது.

380 ரூபாய்க்காக மட்டும் இவ்வளவு எழுதவில்லை. வாங்கிய நான்கில் ஒன்றை மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தேன். 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று எங்கும் பேச்சு அடிபட்டதிலிருந்தே பிள்ளைகளுக்குக் கம்பு பழக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நான்தான் தைரியம் சொல்லிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்துப் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, “அக்கா, பிள்ளைங்க துப்பிட்டாங்க. கம்பு எங்களுக்கு ஒத்து வராது” என்றார். வாழ்க்கையில் முதன்முதலாகக் கம்பைச் சாப்பிட்ட இரண்டு பிள்ளைகள் கம்பு என்றால் கசப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்களுக்கு நல்ல கம்பில் கஞ்சி காய்ச்சி எடுத்துப் போனேன், வாசனைக்கே ஓடிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்கள் பேட்சில் இன்னும் எத்தனை வீட்டில் இது நடந்திருக்கும்? எனக்காவது கம்பு தெரியும், திரும்ப முழு மணிக்குப் போய்விடுவேன்.

ஆகவே நான் கேட்பது: நான்கு பாக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்த பேட்சில் மீதமிருப்பதைக் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள். இனிக் குருணை விற்பதானால் உடைத்த தேதியைப் பாக்கெட்டில் அச்சடியுங்கள், காலாவதியை அந்தத் தேதியிலிருந்து, நீங்களே கஞ்சி காய்ச்சிக் குடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். 250 கிராம் பாக்கெட்டாக, வாரா வாரம் உடைத்து, குளிர்பெட்டியில் வைக்கவும் என்று எழுதி விற்றால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்க நான் தயார். செய்முறையையும் திருத்துங்கள்.

பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும், பாக்கெட்டில் உள்ள உங்கள் 14 இலக்க உரிம எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் கொடுப்பேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 எனக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது.

ரசீது நகலும், பாக்கெட்டின் இரு பக்கப் படங்களும் இத்துடன் உள்ளன. ஒரு பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறது. மாடி வீட்டிலிருந்து திரும்பி வந்தது முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. இரண்டையும் பரிசோதனைக்காக வைத்திருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை எட்டரைக்கு மேல் அனுப்புங்கள், அதுவரை அடுப்படியில் கம்பு கிண்டிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சென்னை