ஒன்று குறைந்ததைக் கண்டுபிடித்தவருக்கு

இதை எழுதும்போது இன்னும் கை நடுங்குகிறது. இரவு நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. கூட இருந்தவர்களுக்குத் தெரியும். ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது. அது போதும்.

காற்புள்ளியும் இல்லாமல், சதுர அடைப்பும் இல்லாமல் ஒட்டிக்கொண்டு வந்த ஜேசன் (JSON) ஆப்ஜெக்ட்களை, அதாவது ஆளுக்கொன்றாக இருந்த பதிவுகளை, ஒரே அரேயாக்க (ஒரே பட்டியலாக்க), நான் எழுத்துகளை வரிவரியாகத் திருத்தும் செட் (sed) கமாண்டால் வரிக்கு வரி காற்புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஆப்ஜெக்ட் பல வரிக்கு நீண்டால் அந்த வேலை என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். ஜேசனைக் கையாளும் ஜேக்யூ (jq) கருவியைக் காட்டி, “அதை விடுங்க, ஜேக்யூ-வில் மைனஸ் எஸ் (-s) போடுங்க, எல்லாம் ஒரே அரே ஆயிடும்” என்றவர்களுக்கும், அது எல்லாவற்றையும் முதலில் மெமரியில் ஏற்றிக்கொள்ளும் என்பதால் மெஷின் மூச்சுத் திணறியபோது “இன்புட்ஸ் (inputs) வைத்து ஒவ்வொன்றாக வாங்கி, வேண்டிய ஃபீல்டை மட்டும் அரேக்குள் எடுங்க” என்று வழி சொன்னவர்களுக்கும், வெகுநேரம் விழித்திருந்த எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு.

ஆனால் இந்த மடல் ஒருவருக்காக. அரே வந்துவிட்டது, அனுப்பப் போகிறேன் என்று நான் சொன்ன பிறகு எல்லாரும் தூங்கப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் ஒரே வரி அனுப்பினீர்கள்: “உள்ளே எத்தனை போச்சு, வெளியே எத்தனை வந்துச்சு?”

உண்மையைச் சொன்னால் எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் ஜேக்யூ-வில் மைனஸ் சி (-c) போட்டு, உள்ளே போனதை ஆப்ஜெக்டுக்கு ஒரு வரியாக்கி, வரிகளை எண்ணும் டபிள்யூசி-க்கு (wc) பைப் செய்து எண்ணினேன். 18,40,216. அரேயின் லெங்த் 18,40,215. மூன்று முறை எண்ணினேன், ஒவ்வொரு முறையும் அதே ஒன்று குறைந்தது.

“மைனஸ் என் (-n) போடாம விட்டுட்டீங்களா?” என்று கேட்டீர்கள். விட்டுத்தான் இருந்தேன். அது இல்லாவிட்டால் ஜேக்யூ முதல் ஆப்ஜெக்டைத் தானே வாசித்துப் புள்ளிக்கு (நடப்பு ஆப்ஜெக்டைக் குறிக்கும் ‘.’ குறிக்கு) கொடுத்துவிடுகிறது. மிச்சம் இருப்பதுதான் இன்புட்ஸ் கைக்கு வருகிறது. எர்ரர் என்று ஒரு வரி வரவில்லை. ஜேக்யூ மீது குற்றமில்லை, கேட்டதைத்தான் செய்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

விடுபட்ட அந்த முதல் ஆப்ஜெக்டைத் திறந்து பார்த்தேன். ஒருவருடைய பதிவு. மற்ற அத்தனை பேருக்கும் காலையில் தகவல் போயிருக்கும், இவருக்கு மட்டும் போயிருக்காது. ஏன் வரவில்லை என்று அவர் யாரைப் போய்க் கேட்பார்? ஒன்றுதானே என்று நானும் சொல்லியிருப்பேன், அந்தப் பெயரைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. கேள்வி கேட்டுவிட்டு, “சரியா வந்துடுச்சு” என்று நான் சொல்லும்வரை காத்திருந்தீர்கள், அவ்வளவுதான் தெரியும். இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிடும் வேலையை இப்போது ஸ்கிரிப்ட்டிலேயே சேர்த்துவிட்டேன். ஒன்று குறைந்தாலும் ஃபைல் வெளியே போகாது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள்.