செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை நம் பூங்காவின் சிமெண்ட் மான். "பழைய பொம்மைக்கு ஏன் இத்தனை பாடு, ஃபைபரில் புதிதாக வாங்கி வைக்கலாமே" என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். பதில் சொல்வது என் கடமை. கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து மேற்பூச்சைப் பிளக்கிறது. மானின் முன்னங்கால் வெடித்தது அப்படித்தான். அனுமதி பெற்று, மாமல்லபுரத்திலிருந்து ஒரு சிற்பியை அழைத்து வந்தோம். அவர் துருவைச் சுரண்டி, கோழிவலை சுற்றி, புதிதாகப் பூசினார். ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் விட வேண்டியிருந்தது. முறை வைக்கப் பெயர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர், வந்தவர்கள் இருவர். மற்ற நாட்களில் காலையும் மாலையும் நானே ஊற்றினேன்.

பழைய எனாமல் பெயிண்டை உரித்தபோது மானின் காதுக்குள் மெல்லிய நரம்புக் கோடுகள் தெரிந்தன. பெயர் தெரியாத ஒரு கைவினைஞர் ஈரச் சிமெண்டில் கீறியவை. ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்து நாம்தான் அவற்றை மூடியிருக்கிறோம். அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவமிருக்கும் பூனையைக் காட்டப் பிள்ளைகளை மாமல்லபுரம் வரை கூட்டிப் போகிறோமே, இதுவும் சிற்பம்தான். லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில் செங்கல், இரும்பு, சிமெண்ட் கொண்டு செய்து 1854இல் திறந்துவைத்த டைனோசர்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் உடலமைப்பு இன்றைய அறிவியலுக்குப் பொருந்தாது. ஆனாலும் 2007 முதல் அந்நாட்டுப் பாதுகாப்புப் பட்டியலின் உயர்ந்த நிலையில் இருக்கின்றன. 2020இல் ஒன்றின் தாடை விழுந்தபோதும் புதுத் தாடை பொருத்தினார்களே தவிர, சிலையை அகற்றவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செலவு சந்தாவை மிஞ்சியது. குறைந்ததை நிர்வாகிகள் சிலர் கைப்பணத்தில் ஈடுகட்டினார்கள். மூன்று ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களைப் பலகையில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் தினமும் அந்த மானைக் கடந்துதான் நடக்கிறார்கள்.

ஒத்துழைத்த அனைவருக்கும், தோட்டப் பணியாளர்களுக்கும் நன்றி.

அடுத்து யானை. துதிக்கையில் விரல் நுழையும் வெடிப்பு. பிள்ளைகள் ஏறாமலிருக்கக் கயிறு கட்டியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் பூச்சு காய வேண்டும். இந்தப் பொறுப்பை ஏற்க இளையவர் யாராவது முன்வந்தால் மனநிறைவோடு ஒப்படைப்பேன். ரசீதுப் புத்தகம் பொருளாளர் மேசையில் இருக்கிறது, கூட்டம் முடியும்வரை அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்