நம் ஏரியில் கொட்டி பூத்திருக்கிறது: காப்பாற்ற உங்கள் நன்கொடை வேண்டும்

ஊர் மக்களுக்கும், பிழைப்புக்காக வெளியூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், ஏரிகள்மேல் அக்கறையுள்ள எல்லோருக்கும் ஏரிப் பாதுகாப்புக் குழுவின் வணக்கம்.

இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு, வரத்துக்கால் ஏரிக்குள் இறங்கும் மேல் ஓரத்தில் கொட்டி என்னும் நீர்ச்செடி முளைத்துப் பூத்திருக்கிறது. முதலில் அடையாளம் சொன்னவர் கிழக்குத் தெரு ஆயா ஒருவர். "இது கொட்டிதாம்பா. சின்ன வயசுல இந்தக் கிழங்கைச் சுட்டுத் தின்னிருக்கோம்" என்றார். பிறகு வந்து பார்த்த தாவரவியல் பேராசிரியர் இலையையும் பூங்கதிரையும் கிழங்கையும் சோதித்து, அறிவியல் பெயரில் அப்போனோஜெட்டான் நேட்டன்ஸ் எனப்படும் கொட்டியேதான் என்று உறுதிசெய்தார். குழுவில் ஐம்பது வயதுக்கு உட்பட்ட யாரும் இதற்கு முன் இதை நம் ஏரியில் கண்டதில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறோம். அல்லியைப்போல வட்ட இலை கிடையாது. நீண்ட இலைகள் நீர்மேல் படிந்து கிடக்கும். நடுவிலிருந்து ஒற்றைக் கதிர் நீருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும், அதில் வெளிர் ஊதா நிறத்தில் பொடிப்பொடியாகப் பூக்கள். மூதுரையில் ஔவை ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்துச் சொன்ன கொட்டி இதுதான். நீர் வற்றினால் பறவை பறந்துவிடும், இவை குளத்தோடேயே கிடக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது வெறும் உவமை இல்லை. கோடையில் இலையும் தண்டும் காய்ந்து மறைந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், மழை வந்ததும் துளிர்க்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உலக அளவில் கொட்டி அழிந்துகொண்டிருக்கும் இனம் அல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் பல நீர்நிலைகளில் இன்னும் இருக்கிறது. அபூர்வமாகிப் போனது நம் வட்டாரத்தில்தான். ஒவ்வொரு ஏரியாக இழந்துகொண்டே போனால், நாளை எல்லா ஊரிலும் இதே நிலைதான் வரும்.

ஏன் காணாமல் போனது என்பதற்கு முதல் காரணம், நம் கண்முன்னே இருக்கிற ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி நீர்ப்பரப்பை மூடிவிட்டால் கீழே வெளிச்சம் போகாது. வெளிச்சம் இல்லாமல் கொட்டியின் இளந்தளிர் நீர்மட்டத்துக்கு ஏறி வரவே முடியாது. மீன்பாசிக் குத்தகைக்கு விட்ட ஆண்டுகளில் புல்கெண்டை விட்டார்கள். அது நீர்ச்செடிகளைத் தின்றே வளரும் மீன். இவற்றையெல்லாம்விடப் பெரிய அடி தூர்வாரலில் விழுந்தது. ஆழப்படுத்துவது நல்லது என்று நாமெல்லோரும்தான் கைதட்டினோம். ஆனால் பொக்லைன் முதலில் அள்ளுவது மேல் வண்டலைத்தான். கொட்டிக் கிழங்கு கிடப்பதும் அந்த மேல் வண்டலில்தான்.

ஏரி மண் வெறும் மண் அல்ல என்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சான்று. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், உழவுக்காக மூடப்பட்டு வயலாகிப்போன குட்டைகளை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். மூடி 150 ஆண்டுகள் வரை ஆன குட்டைகளின் பழைய வண்டலிலிருந்து கூட நீர்ச்செடிகள் முளைத்தன. 2017-இல் அந்த ஆய்வு வெளியானது. தாமரை விதையோ அதைவிட நீண்ட காலம் தாங்கும், அதன் ஓடு அவ்வளவு கெட்டி. கொட்டிக்கு அப்படிப்பட்ட காப்பு இல்லை. அதன் உயிர் கிழங்கில்தான் இருக்கிறது. வண்டலை அள்ளிய இடத்தில் அடுத்த மழைக்கு முளைக்க ஒன்றும் மிஞ்சாது.

அதனால்தான் இந்த அவசரம். சித்திரை, வைகாசியில் ஏரி வற்றியதும் வண்டல் எடுக்க டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். அதற்குள் மேல் ஓரத்தில் அரை ஏக்கர் அளவுக்குக் கல்தூண் நட்டு, அறிவிப்புப் பலகை வைத்து, அங்கே மண் எடுக்கக்கூடாது என்று உறுதி செய்யவேண்டும். இது ஊராட்சி ஒன்றியத்தின் ஏரி என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். ஜனவரி 26 கிராம சபையிலும் தீர்மானம் கொண்டுவருகிறோம். ஊரில் உள்ளவர்கள் அன்றைக்குத் தவறாமல் வந்து கை உயர்த்துங்கள், அதுவும் எங்களுக்கு நன்கொடைதான்.

எங்களுக்குத் தேவைப்படுவது 2,00,000 ரூபாய். இதில் 1,20,000 ரூபாய் ஆகாயத்தாமரையை அகற்றும் ஆள்கூலிக்கே போகும். இயந்திரம் இறக்கினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கொட்டியும் சேர்ந்து போய்விடும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால்தான் இழுத்துப் போட வேண்டும். கரையேற்றிய செடியை அங்கேயே விட்டால் அடுத்த மழையில் திரும்ப ஏரிக்குள் போய்விடும், அதனால் வண்டியில் ஏற்றி உரக்குழிக்குக் கொண்டுபோகும் செலவும் இதில் அடக்கம். கல்தூணுக்கும் பலகைக்கும் 45,000. பள்ளி வளாகத்தில் சிமெண்ட் தொட்டிகள் வைத்துச் சில கிழங்குகளைத் தனியாக வளர்க்க 20,000. ஏரியில் ஏதாவது நேர்ந்தாலும் வித்து கையில் இருக்கவேண்டும் அல்லவா? மீதி 15,000, வரத்துக்கால் வழியே நமக்குத் தண்ணீர் அனுப்பும் மேல் ஏரிகளில் கொட்டி இருக்கிறதா என்று தேடிப் பதிவு செய்யவும், மாதிரிகளை உலர்த்தி உலர்தாவரச் சேகரிப்பு ஒன்றுக்கு அனுப்பவும்.

"கரை அரித்துக் கிடக்கிறது, மதகு ஒழுகுகிறது, இந்த நேரத்தில் ஒரு பூண்டுக்குப் பணமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கரைக்கும் மதகுக்கும் அரசுத் திட்டங்கள் உண்டு, அதற்கும் நாங்கள் அலைந்துகொண்டுதான் இருக்கிறோம். கொட்டிக்கென்று எந்தத் திட்டத்திலும் பணம் இல்லை. ஆயக்கட்டு விவசாயிகளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையாது, ஏனென்றால் நாம் காக்கும் இடம் மதகிலிருந்து தள்ளி, ஆழம் குறைந்த ஓரத்தில் இருக்கிறது. வண்டல் எடுக்க மற்ற இடமெல்லாம் திறந்தே இருக்கும். நீர்ச்செடி இருக்கும் ஓரத்தில்தான் மீன்குஞ்சு ஒதுங்கும், நத்தை சேரும். வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் கூடு கட்டும் பறவைகள் இரை தேடுவது அந்த இரண்டு ஏரிகளில் மட்டும் அல்ல, சுற்றியுள்ள நம்மைப் போன்ற ஊர்களின் ஏரிகளிலும் வயல்களிலும்தான். அவ்விரண்டும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நம் ஏரிக்கு அப்படி ஒரு பட்டியலும் இல்லை, நாம்தான் இருக்கிறோம்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிய தொகைதான். ஊரில் இருப்பவர்கள் ஊர் நூலகத்தில் மாலை நேரத்தில் குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டில் உள்ளவர்கள் மூலம் அனுப்பலாம், ரசீது உங்கள் பெயரிலேயே வரும். தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும் அனுப்பவேண்டாம். பணம் தர இயலாதவர்கள் ஒருநாள் இறங்கி வேலை செய்யலாம், மாட்டுவண்டியோ டிராக்டரோ கொடுத்து உதவலாம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் நூலகப் பலகையில் ஒட்டப்படும். மாசி முடிவதற்குள் பணம் சேர்ந்தால்தான் பங்குனியில் கல்தூண் நட முடியும்.

செடியைப் பார்க்க வருபவர்கள் கரையிலிருந்தே பாருங்கள், கிழங்கைப் பிடுங்கவேண்டாம். பக்கத்து ஊர் ஏரிகளில் இதே இலையைக் கண்டால் படம் எடுத்து, எந்த ஏரி, எந்த ஓரம் என்று குறித்துக்கொண்டு எங்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏரிப் பாதுகாப்புக் குழு