பிறந்ததையும் கணக்கில் எழுதுங்கள்: விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். 31 வெள்ளைச் சுண்டெலிகள், எல்லாம் பெண், எட்டு வாரம். ஆய்வுக்கு ஆண் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்துக்கு ரிஜிஸ்டரில் "தேவைக்கு அதிகம்" என்று எழுதிவிட்டு கொல்வதற்கான கேஸ் வால்வைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தது நான்.

பதினோரு வருடமாக, ஆய்வுக்கு விலங்கு வளர்க்கும் இந்த அனிமல் ஹவுஸில் ஒப்பந்த ஊழியன். உமி மாற்றுவது, தண்ணீர் பாட்டில் கழுவுவது, 21 நாளில் தாயிடமிருந்து குட்டிகளைப் பிரிப்பது எல்லாம் என் கைதான். கேஸ் விட்ட பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, நெஞ்சில் விரல் வைத்து, துடிப்பு நின்றதா என்று பார்க்க வேண்டும். அன்று பத்தொன்பதாவது எலிக்குத் துடிப்பு இருந்தது. திரும்ப உள்ளே வைத்து, மூடி, வால்வைத் திறந்துவிட்டு நின்றேன். செத்ததைப் போடும் மஞ்சள் கழிவுப் பையைக் கட்டும்போது அடியில் இன்னும் சூடாக இருந்தது. கடலூரில் வீடு வந்து சேர்ந்து தட்டின் முன் உட்கார்ந்தால் சோறு பிசைய முடியவில்லை.

எனக்கு ஊர், கொல்லாமை சொன்ன வள்ளலாரின் வடலூர் பக்கம். ஆனாலும் எல்லா ஆய்வையும் நிறுத்தச் சொல்லவில்லை. என் அம்மா தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலினே நாய்களிடம் சோதித்து வந்ததுதான். பயன்பட்டுச் செத்ததற்கு ஒரு காரணமாவது சொல்லலாம். இந்த 31க்கு என்ன சொல்வீர்கள்?

24 எலி வேண்டும் என்று படிவம் வந்தால், ஏன் 24 என்று மாணவரைக் குடைகிறீர்கள். நல்லதுதான். அந்த 24ஐக் கொடுக்க எத்தனை பிறந்தன என்று ஒரு நாளும் கேட்டதில்லையே. ஐரோப்பிய ஒன்றியத்தில் எண்ணிப் பார்த்தார்கள். வளர்த்து, எந்த ஆய்வுக்கும் எடுக்காமல் கொன்றவை 2017இல் மட்டும் 1 கோடியே 26 லட்சம். நாமும் எண்ண வேண்டும். பிறந்தது எத்தனை, ஆய்வுக்குப் போனது எத்தனை, சும்மா கொன்றது எத்தனை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் படியுங்கள். ஆய்வுத் தேதி உறுதியான பிறகே ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். பெண் எலி வேண்டாம் என்பவரிடம் ஏன் வேண்டாம் என்று கேளுங்கள்.

கொல்லும் வேலைக்கு எங்களுக்கு ஒரு நாள் பயிற்சிகூட இல்லை. கேஸ் அளவு காட்டும் மீட்டரில் முள் எவ்வளவில் நிற்க வேண்டும் என்று பழைய ஊழியர் சொல்லித்தான் கற்றேன். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி. அறைக்குள் வந்து பார்த்த உறுப்பினர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பிறகு பேசலாம். முதலில் அந்தக் கணக்கை எழுத உத்தரவு போடுங்கள் ஐயா.

திங்கட்கிழமை ஆறு ஜோடி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். அதற்கு முன்னால் உங்கள் பதில் வேண்டும்.

பணிவுடன்,
அனிமல் ஹவுஸ் ஊழியன், புதுச்சேரி