'அனபு' என்று அச்சிட்டவர்களுக்கு

பாட்டுப் புத்தகக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

இந்த வருடப் புத்தகம் பாலக்காட்டு எல்லையிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேர்ந்தது. தாள் நன்றாக இருக்கிறது, ஸ்டாஃப் நோட்டேஷன் என்ற ஐந்துகோட்டு இசைக்குறிப்பும் அழகு. அதன் கீழே இருக்கும் தமிழைத்தான் படிக்க முடியவில்லை. முதல் சரணத்து 'சு'வின் கால் நேரே கீழிறங்கி, இரண்டாம் சரணத்து 'ன்' மேலிருந்த புள்ளியை விழுங்கிவிட்டது. 'அன்பு' இப்போது 'அனபு'. பிள்ளைகள் அப்படியே பாடினார்கள், சுருதி பிசகாமல்.

போன பதிப்பின்போதே எழுதியிருந்தோம். "எழுத்தின் அளவைக் குறையுங்கள்" என்று பதில் போட்டீர்கள். குறைத்தால் எழுத்து சிறிதாகும், ஒட்டியது ஒட்டியபடியே இருக்கும். நீங்கள் இசைக்குறிப்பை அச்சுக்கோக்கும் லிலிபாண்ட் மென்பொருள், பக்கத்தில் வரும் ஒவ்வொன்றையும் தனித்தனிப் 'பொருளாக' வைத்துக்கொள்கிறது. அதில் எழுத்தளவு 'லிரிக்டெக்ஸ்ட்' என்ற பொருளின் பண்பு. சரண வரிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி அதனுடையது அல்ல. வரி முழுவதையும் தாங்கும் 'வெர்டிகல்ஆக்ஸிஸ்குரூப்' என்ற பொருளுடையது. அதையும் பாட்டு வரிகளுக்கான 'லிரிக்ஸ்' சூழலுக்குள் மாற்ற வேண்டும். ஐந்துகோட்டுக்கான 'ஸ்டாஃப்' சூழலில் எழுதினால் பாட்டு வரி அசையாது, பிழைச் செய்தியும் வராது. பக்கத்தை மிச்சம் பிடிக்க உங்கள் மாதிரிக் கோப்பு அந்த 'லிரிக்ஸ்' சூழலில்தான் 'பேடிங்'கை, அதாவது வரிகளுக்கு நடுவே விட்டே ஆகவேண்டிய இடத்தை, பூஜ்யமாக்கி வைத்திருக்கிறது. நாங்கள் அதைத் திருத்தி அனுப்பினால், மாதிரியை மாற்றக் கூடாதென்று கோப்பைத் திருப்பி அனுப்புகிறீர்கள்.

எனவே கேட்பது ஒன்றுதான்: மாதிரிக் கோப்பில் அந்த ஒரு வரியை நீங்களே திருத்துங்கள்.

கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. பாட்டுப் புத்தகத்துக்கு அது பொருந்தாது, தெரியும். ஆனால் சுற்றறிக்கை மலையாளத்தில், ஒத்திகைக் குறிப்பு மலையாளத்தில், சந்தா ரசீது மட்டும் தவறாமல் தமிழில் வருகிறதே! சரி, அதை அப்புறம் பேசிக்கொள்வோம்.

அந்த ஒரு வரியைத் திருத்துங்கள். 'லிரிக்ஸ்' சூழலில், வெர்டிகல்ஆக்ஸிஸ்குரூப்பின் 'நான்ஸ்டாஃப்-நான்ஸ்டாஃப்-ஸ்பேசிங்' என்ற பண்பில் (பாட்டு வரிக்கும் பாட்டு வரிக்கும் உள்ள இடைவெளி அதுதான்) பேடிங்கைக் கொஞ்சம் கூட்டினால் போதும். மலையாள வரிகளுக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது. இரண்டொரு பக்கம் கூடலாம், அந்தத் தாள் செலவை வேண்டுமானால் நாங்களே தருகிறோம். எந்த அளவு மாற்றம் எந்தப் பொருளின் பண்பு என்று கோப்பின் தலைப்பிலேயே இரண்டு வரி எழுதிவைத்தால், பக்கத்து வேலந்தாவளத்திலும் சித்தூரிலும் இருப்பவர்கள் தேடி அலைய வேண்டியிருக்காது.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் தமிழ்ப் பக்கங்களை எங்களுக்கு ஒருமுறை அனுப்பிவைக்கும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எல்லையோரத் தமிழ்ப் பாடகர் குழு ஒன்றின் பயிற்சியாளர்