பனிக்கரடியும் வேட்டைக்காரர்களும்

ஆசிரியருக்கு,

பனிக்கரடியைக் காப்பாற்ற வேட்டையை அடியோடு தடை செய்தால் போதும் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அலாஸ்காவின் இனுபியாட் பழங்குடி மக்களும் கனடாவின் இனுவியாலுயிட் பழங்குடி மக்களும் 1988-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் வேறு கதை சொல்கிறது. அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் வடக்கே உள்ள தெற்கு போஃபோர்ட் கடல் கரடிகள் எல்லைக்கோடு பார்த்தா நடக்கின்றன? இரு தரப்பு வேட்டைக்காரர்களும் உட்கார்ந்து பேசி, ஆண்டுக்கு இத்தனைதான் என்று வரம்பு வைத்தார்கள். குட்டியோடு திரியும் தாயையும் குகைக்குள் இருக்கும் கரடியையும் தொடுவதில்லை என்றும் முடிவெடுத்தார்கள். விஞ்ஞானிகள் ஆலோசனை சொன்னார்கள், அவ்வளவுதான். இத்தனைக்கும், வீணடிக்காதவரை அலாஸ்கா பழங்குடியினரின் உணவு வேட்டைக்கு அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் எண்ணிக்கை வரம்பே இல்லை!

கரடிக்கு இன்று பெரிய ஆபத்து கடற்பனி உருகுவது. அதற்கு இந்த மக்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

வேட்டையாடும் மக்களையும் சேர்த்துக்கொண்டுதான் கரடியைக் காக்க வேண்டும் என்பதை அரசுகளும் புரிந்துகொண்டன என்றே நினைக்கிறேன். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள சுக்சி கடல் பக்கத்துக் கரடிகளுக்காக அமெரிக்காவும் ரஷ்யாவும் 2000-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, கூட்டு ஆணையத்தில் நாட்டுக்கு இருவர்: ஒருவர் அரசுப் பிரதிநிதி, மற்றவர் பழங்குடிப் பிரதிநிதி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்